பதினொரு காம்பரா

டிக்கோயா வீதியில் எங்கள் மொத்தக்கடைக்கு
ஜன்னல் இல்லை.
அட்டை இருந்தால் கதவு திறக்கும்.
வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு,
ஒரு அட்டைக்கு ஒரு முகம்.
வெளிவாசலில் ஆறு வருடம் நின்றேன்,
பில்லின் குறுக்கே பச்சைப் பேனாவால்
ஒரு கோடு இழுக்க.

சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில்
சந்தனமேரி வருவாள்.
தள்ளுவண்டி இரண்டு.
மா மூட்டை மூன்று, பருப்பு, நெத்தலி,
பெட்டியோடு சவர்க்காரம்,
பால்மா மட்டும் எண்ணி எண்ணி.
இதெல்லாம் ஒரு வீட்டுக்கா என்று கேட்பது என் வேலை.
"எங்க வீட்டுல நாப்பத்தேழு பேரு தம்பி" என்பாள்,
அட்டையில் இருந்த படத்தைப் போலவே
சிரிக்காமல்.
கோடு இழுப்பேன்.

லொறி நிறுத்துமிடத்தில் பத்துப் பெண்கள் நிற்பார்கள்.
ஒருத்தியிடம் தராசு, ஒருத்தியிடம் கொப்பி.
மழை வந்தால் இடுப்புப் படங்கை அவிழ்த்து
மாவுக்குப் போர்த்திவிட்டுத்
தாங்கள் நனைவார்கள்.
மலையில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
இங்கே இருந்தது ஒரே பேர்,
அதற்குப் பதினொரு அடுப்பு.

பிறகு அட்டை கைபேசிக்குள் போனது.
தள்ளுவண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகியபடி
துருவேறின.
வாசலுக்கு ஆள் தேவையில்லை என்று
என்னை உள்ளே போட்டார்கள்.
ஒழுங்கை பதினாறு, தட்டு மூன்று என்று
காதுக்குள் ஒரு குரல் சொல்லச் சொல்ல
ஆய்ந்து ஆய்ந்து கூடையில் போட்டேன்.
மாலையில் அதற்கும் கணக்குப் பார்த்தார்கள்,
மணிக்கு எத்தனை என்று.
அம்மா கேட்டால் சிரித்திருப்பாள்.
சொல்லவில்லை.

சந்தனமேரியின் முதல் ஆர்டர்
ஒன்பது நாள் தொங்கியது.
வீதியின் பெயர்? வீட்டு இலக்கம்?
இரண்டு கட்டங்களும் சிவந்து கிடந்தன.
அழைத்தேன்.
"கடுதாசியெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும்.
எங்களுக்கு ஏது வீதி?
நாலாம் லயம்னு போடுங்க,
பீலிச் சத்தம் கேக்குற பக்கம்."
பீலிச் சத்தத்துக்குப் படிவத்தில் இடமில்லை.
வரைபடத்தில் ஊசி குத்தினாள்,
தேயிலைக்குள் விழுந்தது.
நிஷாந்த சின்ன லொறியை விட்டிறங்கி
இடுப்பளவு செடிக்குள் நின்றுகொண்டு
என்னைத் திட்டினான், முதலில் சிங்களத்தில்,
பிறகு எனக்கு உறைக்கட்டும் என்று தமிழில்.

மூன்றாம் மாதம் கணினி ஒரு முடிவுக்கு வந்தது:
நாற்பத்தேழு பல்தூரிகை, பதினொரு வாளி வாங்கும் வீடு
வீடாக இருக்க முடியாது.
வணக்கம்,
உங்கள் விருந்தினர் விடுதிக்கு
ஐந்து வீதம் கழிவு.
அறைகள் எத்தனை?

என்ன எழுதுவது என்று எனக்கே எடுத்துக் கேட்டாள்.
"இருக்கிறத எழுதுங்க அக்கா."
"காம்பரா பதினொன்னு."
"சரி."
"தண்ணி வெளியிலதான். அதையும் கேப்பாங்களா?"
"கேக்கல."

இப்போது பில் இப்படி வருகிறது:
நாலாம் லயம், விருந்தினர் விடுதி, அறைகள் 11.
கழிவில் மிஞ்சுவதைக் கொப்பியில்
பால்மாவுக்கு எழுதுகிறார்களாம்.
போன வாரம் முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரன்
இரவில் வந்து அறை கேட்டானாம்.
நிஷாந்த சொல்கிறான், நான் நம்பவில்லை.
ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்து
டோர்ச் வெளிச்சத்தில் ரோட்டு வரை கொண்டு விட்டார்களாம்.
அதை நம்புகிறேன்.

பெட்டியை ஒட்டுமுன் பில்லை வெளியே எடுத்துப்
பச்சைப் பேனாவால்
ஒரு கோடு இழுக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
காதில் அந்தக் குரல்
ஒழுங்கை நான்கு என்கிறது.